பசியோடு வாங்கும் நன்மை

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் புது நன்மைக்கு, அதாவது நற்கருணையை முதன்முறை வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயாரிக்கும் வகுப்பைப் பதினாறு ஆண்டுகளாக நான் எடுத்து வருகிறேன். சென்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, திருப்பலிக்கான அப்பம் சுடுவதைக் காட்டுவதற்காகப் பிள்ளைகளைக் கன்னியர் மடத்துக்கு அழைத்துப் போனேன். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே அதில் சேரும். உப்பு கிடையாது, புளிப்பு கிடையாது. சூடான இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே கரைத்த மாவை ஊற்றி மூடினால் ஆவி சீறிக்கொண்டு வெளியேறும். திறந்து பார்த்தால் வெள்ளைத் தாள் போல ஒரு மெல்லிய தகடு இருக்கும். அது நொறுங்காமலிருக்கச் சற்று ஈரம் ஏற்றி, பிறகு வட்டவட்டமாக வெட்டி எடுப்பார்கள். வெட்டியதுபோக மிஞ்சும் ஓரத் துண்டுகளை வந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். சிறு வயதில் அந்தத் துண்டுகளுக்காகக் கை நீட்டி நின்றவர்களில் நானும் ஒருத்தி.

மறுவாரம் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். “மிஸ், அன்னைக்கு மடத்துல நாங்க தின்னதும் இதே அப்பந்தானே? கோயில்ல வாங்கினாலும் ருசி அதேதான்னு எங்க அண்ணன் சொல்றான். அப்புறம் எப்படி மிஸ் அது இயேசு?”

பழைய ஞானோபதேசம் எனக்குக் கைகொடுத்தது. நாங்கள் படித்த காலத்தில் “அப்ப இரச குணங்களுக்குள்ளே” ஆண்டவர் எழுந்தருளியிருக்கிறார் என்று சொல்லித் தருவார்கள். அப்பம், திராட்சை இரசம் ஆகியவற்றின் நிறம், மணம், சுவை, வடிவம் எல்லாம் குணங்கள். அவை அப்படியே இருக்கின்றன, அப்பம் என்னும் பொருளே மாறிவிடுகிறது என்பதுதான் அதன் கருத்து. 1551இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் தன் பதின்மூன்றாம் அமர்வில் அறுதியிட்டுச் சொன்ன போதனையை ‘குணம்’ என்ற ஒரே சொல்லில் ஒரு கிராமத்துப் பிள்ளைக்கும் புரியவைத்த அந்த முன்னோர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சிறுமியிடம் நான் இதையே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்கு என் பதில் போதவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பதில் தவறு என்பதால் அல்ல. அன்று காலைத் திருப்பலியில் அவளுக்கு முன் இருக்கையில் இருந்தவர், நன்மை வாங்கித் திரும்பி வந்து உட்கார்ந்த மறுகணமே கைப்பேசியை எடுத்ததை அவளும் பார்த்திருந்தாள், நானும் பார்த்திருந்தேன்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் எண்ணிக்கையாகவே வெளிவந்தது. அங்குள்ள கத்தோலிக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே அப்பமும் இரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்று நம்புவதாகவும், மற்றவர்கள் அவற்றை வெறும் அடையாளமாகக் கருதுவதாகவும் பியூ ஆய்வு நிறுவனம் 2019இல் அறிவித்தது. கேள்வி கேட்ட விதம் சரியா என்ற விவாதம் பிறகு எழுந்தபோதிலும், ஆயர்கள் அதைச் சாக்காகக் கொள்ளவில்லை. 2022ஆம் ஆண்டு ஆண்டவருடைய திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவில் நற்கருணை மறுமலர்ச்சி இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2024 மே மாதம் நாட்டின் நான்கு திசைகளிலிருந்து திருப்பயணிகள் நற்கருணை ஆண்டவரோடு புறப்பட்டு, ஊர் ஊராக இரண்டு மாதங்கள் பயணம் செய்து, ஜூலையில் இண்டியானாபொலிஸ் நகரில் கூடினார்கள். பல்லாயிரம் பேர் நிறைந்த ஒரு விளையாட்டரங்கம், நற்கருணையை வைத்துக் காட்டும் கதிர்ப்பாத்திரத்தின் முன் பேச்சற்று முழந்தாளில் இருந்த காட்சியைக் காணொளியில் பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது.

ஆயினும் நம்முடைய நோய் வேறு. நம் ஊரில் எவரிடம் கேட்டாலும், “அப்பத்தில் ஆண்டவர் இருக்கிறாரா?” என்ற கேள்விக்கு உடனே “இருக்கிறார்” என்றுதான் பதில் வரும். மறுப்பவர் இல்லை என்பதாலேயே, நாம் நம்புகிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளும் அவசியம் நமக்கு வருவதில்லை. யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் “எனது சதை உண்மையான உணவு” என்று இயேசு சொன்னபோது, இந்தப் பேச்சைத் தாங்க முடியாது என்று பலர் விலகிப் போனார்கள். போனவர்கள் குறைந்தபட்சம் அந்தச் சொல்லைக் காதில் வாங்கியிருந்தார்கள். நாம் விலகிப் போகவுமில்லை, திடுக்கிடவுமில்லை; வரிசையில் நின்று, வாங்கி, வருகிறோம்.

இதற்கு நான் கண்ட காரணம் ஒன்றுதான்: நமக்குப் பசி இல்லை. நற்கருணையை உணவாகத் தந்தவர் அதை உண்பவர் பசித்து வரவேண்டும் என்று எதிர்பார்த்திருப்பார் அல்லவா?

என் அம்மா 1940களின் இறுதியில் புது நன்மை வாங்கியவர். அக்காலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பருகாமல்தான் நன்மை வாங்கவேண்டும். பல் துலக்கும்போது தண்ணீர் தொண்டைக்குள் போய்விடக் கூடாது என்று பிள்ளைகளைத் தலை குனிந்து நிற்கச் சொல்லி வாய் கொப்புளிக்க வைப்பார்களாம். தண்ணீர் அந்த ஒறுத்தலை முறிக்காது என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1953இல் அறிவித்தார். 1957இல் உண்ணாநோன்பை மூன்று மணி நேரமாகச் சுருக்கினார். 1964 நவம்பர் 21 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அதை நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் என்று குறைத்தார். இன்றுவரை அதுவே சட்டம். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை, முதியோரையும் நோயாளரையும் அது கட்டுப்படுத்தாது. நற்கருணைப் பலியைக் கிறிஸ்தவ வாழ்வு முழுவதற்கும் ஊற்றும் உச்சியும் என்று சொன்ன, திருச்சபை பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வெளியானதும் அதே நவம்பர் 21தான். பன்னிரண்டு நாள்களுக்குள் அதே திருத்தந்தை அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாயில் வந்திறங்கினார்; இந்திய மண்ணில் ஒரு திருத்தந்தை கால் வைத்தது அதுவே முதல் முறை.

நோன்பைக் குறைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. மாலைத் திருப்பலிக்கு வரும் கூலித் தொழிலாளிக்கும் இரவுப் பணி முடித்துவரும் செவிலியருக்கும் அது பெரிய கொடை. ஆனால் ஒரு மணி நேரம் என்பது நம் திருப்பலி நீளும் நேரத்தில் தானாகவே கழிந்துவிடுகிறது. மறையுரை கொஞ்சம் நீண்டால் வாசலில் காப்பி குடித்துவிட்டு உள்ளே வந்தவர்கூடச் சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார். இப்படி, எதையும் விட்டுக்கொடுக்காமலேயே சட்டத்தை நிறைவேற்றிவிட முடிகிறது. அம்மாவோ கடைசிவரை நள்ளிரவுக் கணக்கையே வைத்துக்கொண்டிருந்தார். எங்களை அவர் கட்டாயப்படுத்தியதில்லை. “உனக்கு ஒரு மணி நேரம்னு சாமியார் சொல்லியிருக்காரு, நீ சாப்பிடு. எனக்கு வயிறு காலியா இருந்தாத்தான் அவரு வர்றது தெரியுது” என்பார்.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் ஒரு கிளைக் கிராமம். பங்குத்தந்தை மாதம் ஒரு முறைதான் வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய மாலையே கோவிலடி மணலைப் பெருக்கிச் சாணம் தெளித்துவிடுவார்கள். உபதேசியார் வீடு வீடாகப் போய், யாரெல்லாம் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று கேட்டு வருவார். சண்டை போட்டிருந்த பங்காளிகள் அன்றிரவு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேசிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் மழையினால் சாமியார் வரவில்லை. பெண்கள் கோவிலிலேயே உட்கார்ந்து செபமாலை சொல்லிவிட்டு, வெகுநேரம் எழுந்து போகாமல் இருந்தார்கள். இப்போது நான் இருக்கும் மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து திருப்பலிகள். எந்தத் திருப்பலி எவ்வளவு நேரத்தில் முடியும் என்பதைத்தான் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

பசி என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வரும். 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திருப்பலி கிடையாது. கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். வழிப்பயணத்திலேயே வயிற்றுக்கடுப்பில் விழுந்து சாகும் தறுவாய்க்குப் போனவர் பிழைத்து எழுந்ததும், கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டதும் எந்த முகத்தில் ஒரு மாற்றம் தெரிகிறதோ, அது கத்தோலிக்க வீடு. பிறகு சில்லாலையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு இரவுகளில் வீடுகளுக்குள் திருப்பலி நிறைவேற்றினார்.

அந்த முதல் இரவுத் திருப்பலிகளில் ஒன்றை நான் அடிக்கடி மனத்தில் வரைந்து பார்ப்பதுண்டு. முப்பது வயதுக்குள் இருந்த ஒருவர்கூட அதற்குமுன் நற்கருணையைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. பெற்றோர் சொல்லக் கேட்டது மட்டும்தான். வாசலில் ஒருவர் காவல் நிற்கிறார், உள்ளே அகல்விளக்கு. குரு அப்பத்தை உயர்த்துகிறார். முப்பது ஆண்டுகள் வெறும் சொல்லாக இருந்த ஒன்று கண்முன் நிற்கிறது. பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது அந்த அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தினார். அவரை நினைவுகூரும்போது, பெயர் தெரியாத அந்த வீட்டுக்காரர்களையும் நான் வணங்குகிறேன்.

நமக்கும் ஒரு சிறு பஞ்சம் வந்தது. 2020 மார்ச் இறுதியில் கோவில்கள் பூட்டப்பட்டன. ஏப்ரல் 12ஆம் தேதி உயிர்ப்புப் பெருவிழாவை மாதா தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கொண்டாடினோம். அம்மா அன்றும் நள்ளிரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. “நன்மைதான் வாங்க முடியாதே, காப்பியாவது குடிங்க” என்று என் மருமகள் சொன்னதற்கு, “வாங்க முடியாத அன்னைக்குத்தானே பசிக்கணும்” என்றார். எண்பதை நெருங்கியவர், குரு அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது தொலைக்காட்சிப் பெட்டியின் முன் தரையில் முழந்தாளிட்டார். செப்டம்பரில் கோவில் திறந்தபோது, முகக்கவசம் அணிந்து, வட்டம் போட்ட இடத்தில் தள்ளி நின்று, அழுதுகொண்டே நன்மை வாங்கியவர்களை என் கண்ணால் பார்த்தேன். அந்த அழுகை எங்கள் பங்கில் ஓர் ஆண்டுகூட நிற்கவில்லை. முகக்கவசத்தோடு அதையும் கழற்றி வைத்துவிட்டோம். இன்னும் சிலர் கோவிலுக்குத் திரும்பவே இல்லை; கைப்பேசியில் திருப்பலி பார்ப்பது அவர்களுக்குப் போதுமானதாகிவிட்டது. நோயாளிக்கு அது வரப்பிரசாதம். நடந்து வரக்கூடியவருக்கு அது படத்தில் காட்டிய விருந்து.

பசியைப் பற்றிப் பேசும்போது புனித பவுலின் சினத்தைத் தாண்டிப் போக முடியாது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தில், ஆண்டவரின் விருந்துக்குக் கூடுகிற இடத்தில் ஒருவர் பசியாய் இருக்க மற்றொருவர் குடிவெறியில் இருக்கிறாரே என்று அவர் கொதிக்கிறார். ‘ஆண்டவரின் உடல் என உணராமல்’ உண்பவர் தம்மேல் தண்டனைத் தீர்ப்பை வருவித்துக்கொள்கிறார் என்று அவர் எச்சரிப்பது இந்த இடத்தில்தான். நாம் இந்த வசனத்தை நன்மை வாங்குமுன் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். பவுல் கண்ட அவமரியாதையோ பந்தியில் இருந்தது.

தமிழ்க் கத்தோலிக்கரான நமக்கு இது வெறும் கொரிந்துக் கதை அல்ல. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவிலுக்கு இரண்டு நீண்ட மண்டபங்கள். இரண்டும் பீடத்தருகே வந்து கூடும். ஒரு சாதியார் ஒரு மண்டபத்திலும் மற்றவர்கள் மறு மண்டபத்திலும் நிற்கலாம்; எல்லாருக்கும் பீடம் தெரியும், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. நற்கருணை ஆண்டவருக்கு முன் முழந்தாளிட்டவர்களின் பக்திக்கு அங்கே குறைவில்லை. ஒரே அப்பத்தில் பங்குகொள்வதால் பலராயினும் ஒரே உடலாயிருக்கிறோம் என்ற சொல்லுக்குத்தான் அங்கே இடமில்லை. 1910இல் அந்தப் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. அதற்காக வழக்குமன்றம்வரை சண்டை நடந்தது. தமிழ்நாட்டு ஆயர்களிடம் 2003 நவம்பரில் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதி மனப்பான்மையின் சாயல்கூட இருக்கலாகாது என்று எச்சரித்தார். அப்படி எச்சரிக்க வேண்டியிருந்தது என்பதே நம் நிலையைச் சொல்லும். சிறு வயதில் நான் பார்த்த ஒரு கோவிலில் எழுதப்படாத வரிசை ஒன்று இருந்தது. யார் முதலில் நன்மைக்கு எழுவது, யார் கடைசியில் எழுவது என்பதை யாரும் சொல்லாமலே எல்லாரும் அறிந்திருந்தார்கள். நாக்கில் வாங்குவதா கையில் வாங்குவதா என்று மணிக்கணக்கில் வாதாடும் நண்பர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன்: உனக்கு முன்னால் நிற்பவர் யார் என்று பார்த்தாயா?

வணக்கத்துக்குரிய உடல்மொழி நம்மிடம் இல்லாமலும் இல்லை. முழந்தாள் மடக்குவதற்குப் பதிலாகக் கைகூப்பி ஆழ்ந்து தலைவணங்கலாம், காலணியைக் கழற்றித் தரையில் அமரலாம், புனிதப் பொருளை முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று இந்தியத் திருச்சபைக்கு 1969இல் உரோமை அனுமதி தந்தது. புதுவையைச் சேர்ந்த அமலோர்பவதாஸ் அடிகளார் போன்றவர்கள் அதற்காக உழைத்தார்கள். அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கோ, கீழே விழுந்த புத்தகத்தைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஓர் இனம் நற்கருணையின் முன் எப்படி நிற்பது என்று தெரியாமல் தடுமாறுவதுதான் வியப்பாக இருக்கிறது. எந்த வணக்கமாக இருந்தாலும் சரி, அவசரமில்லாத வணக்கமாக இருக்கட்டும்.

ஆகவே என் வகுப்பில் இப்போது விளக்கங்களைக் குறைத்து, பழக்கங்களைக் கூட்டியிருக்கிறேன். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் நகரத்துப் புனித சிரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம், அரசரை ஏற்கும் வலக்கைக்கு இடக்கை அரியணையாக இருக்கட்டும் என்றும், கையில் பொற்துகள் தந்தால் அதில் எதுவும் சிந்திவிடாதபடி எவ்வளவு கவனமாகப் பிடிப்பீர்களோ அதைவிடக் கவனம் இங்கே வேண்டும் என்றும் கற்பித்தார். அதைப் பிள்ளைகளிடம் சொல்லி, வெறுங்கையோடு பலமுறை செய்துபார்க்க வைக்கிறேன். உண்டபின் உள்ளங்கையைப் பார்க்கச் சொல்கிறேன். “கிறிஸ்துவின் திருவுடல்” என்றதும் வரும் “ஆமென்” முணுமுணுப்பாக இல்லாமல் அடுத்தவருக்குக் கேட்கவேண்டும். புது நன்மை நாளில் ஒளிப்படக்காரர் பீடத்தருகே வரக்கூடாது என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டோம், சிலருக்கு வருத்தம்தான். பெற்றோருக்கும் மூன்று மாலைகள் வகுப்பு உண்டு. முதல் மாலையில் நான் ஒன்றும் பேசுவதில்லை. நற்கருணைப் பேழையின் முன் பிள்ளைகளோடு இருபது நிமிடம் சும்மா இருக்கச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் நெளிவார்கள். பிறகு யாராவது ஒரு தந்தை தலை கவிழ்வார். பக்கத்திலிருக்கும் பிள்ளை அவரை நிமிர்ந்து பார்க்கும். ஓரத் துண்டைப் பற்றிக் கேட்ட அந்தச் சிறுமியும் தன் அப்பாவை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா 2022இல் இறந்தார். கடைசிப் பத்து நாள்கள் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கரண்டியில் கஞ்சித் தண்ணீர் கொடுத்தால்கூட உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். பங்குத்தந்தை, சாகும் தறுவாயில் இருப்பவருக்குரிய அவஸ்தை கொடுக்க வந்தபோது, விழுங்க முடியாது ஃபாதர் என்று நான் தயங்கினேன். அவர் நற்கருணையிலிருந்து கடுகளவு ஒரு துகளைக் கிள்ளி, ஒரு கரண்டித் தண்ணீரில் இட்டார். பிறகு அம்மாவின் காதருகே குனிந்து, “பாட்டி, நன்மை கொண்டுவந்திருக்கேன்” என்றார். எத்தனை நாள்களாகவோ திறக்காத வாய் திறந்தது.